நவம்பரில் திறந்த ஜாடி

செத்துப்போனவர்கள் தங்கள் கையால் காயப்போட்ட திராட்சையை வாயில் போட்டால் அவர்கள் குரல் கேட்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தண்ணீர் எந்தக் கிழமை திறப்பார்கள் என்பது தெரிந்திருக்கிற மாதிரி. வெளியூரிலிருந்து யாராவது படிக்கக்கூடும் என்பதால்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஆண்டவர் என் நாவைக் காக்கட்டும், கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் மலையை ஒட்டி இருக்கிற ஊர் எங்களுடையது, கோயில் மணி கேட்கிற தூரம் வரைக்கும் திராட்சைப் பந்தல்தான், விலை இறங்கி வியாபாரி வண்டி அனுப்பாத வருஷங்களில் பழத்தைக் குப்பையில் கொட்ட மனசு வராமல் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மொட்டைமாடியில் வலை கட்டிப் பரப்பி, ஒவ்வொரு பழத்தையும் கையால் புரட்டிப் புரட்டிக் காயவைப்போம். அப்படிக் காயவைத்ததை டப்பாவில் போட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம். அதில் ஒருவர் குரல் தங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் கேட்டவள் மடத்துத் தெரு சேசம்மா. அவள் வீட்டுக்காரரை ஆடியில் அடக்கம் பண்ணினோம். கிறிஸ்மஸுக்குப் பாயசம் வைத்தவள் அவர் காயப்போட்ட பழத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட, "ஏய், இம்புட்டு நெய்யா ஊத்துவ?" என்று அவர் குரல் அவள் பல்லுக்குப் பின்னால் கேட்டிருக்கிறது. இவளும் பழக்கதோஷத்தில், "எங்கப்பன் வீட்டு நெய்யி, ஊத்துவேன், ஒமக்கென்ன?" என்று கரண்டியை ஆட்டிப் பதில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அவரைக் குழியில் இறக்கினது ஞாபகம் வந்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாளாம்.

பொங்கலுக்குள் ஊர் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமானை இறக்கி டப்பாக்களைத் தேடிவிட்டது. விற்றுவிட்டவர்கள் பஸ் ஏறிப்போய், "எங்கம்மா காயப்போட்டதுங்க, திருப்பிக் குடுத்துருங்க" என்று மளிகைக் கடைகளில் நின்றார்கள். வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவரும் அப்பன் காயப்போட்ட பழத்தை ஊர்க்கூட்டத்துக்கே கொண்டுவந்து, பெரியவர்கள் ஆளுக்கொன்று மென்று பார்க்க, அவர் வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "மாட்டுக்குத் தண்ணி வச்சீங்களாடா?" என்று மட்டும் கேட்க, இரண்டு பேரும் எழுந்து ஓடியதோடு அந்த வழக்கு முடிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பவுன் எத்தனை என்று கேட்டுவிட்டு, தாத்தா ஜாடி யார் பங்கு என்றும் கேட்டார்கள். பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பூசை முடிந்து, இது விசுவாசத்துக்கு விரோதமென்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, ஆனால் நற்கருணை அப்பம் வாங்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாரும் மெல்லக்கூடாது என்று சொன்னார். அவரே தன் தாயார் காயப்போட்டது ஒரு டப்பா வைத்திருந்தார் என்பது கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

நல்ல பழத்தில் அவர்கள் பெரிய விஷயம் எதுவும் பேசமாட்டார்கள். நாம் கேட்பதற்குப் பதிலும் வராது. இனிப்பு கரைகிற மட்டும் அவர்கள் பாட்டுக்குத் தண்ணியைப் பற்றி, கூலியைப் பற்றி, மருந்தடிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு நின்றுவிடுவார்கள். கொட்டையைத் துப்பிவிட்டு நாம் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அதுவே போதுமாக இருந்தது.

பழத்தைக் கெடாமல் வைக்கச் சொல்லிக்கொடுத்தவள் பிலோமி அக்கா. மடத்து ஹாஸ்டலில் இருபது வருஷம் சமைத்தவள், அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் பெண்களை உட்காரவைத்து, "தகர டப்பாவத் தூக்கிப் போடுங்கடி, கண்ணாடி ஜாடி வாங்குங்க, கழுவி ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வைங்க. சூடு ஆறாம மூடுனா பழம் வேத்துப் போகும். ஈரக்கைய விட்டீங்க, தொலைஞ்சீங்க. தெனப்படி திங்கிறதச் சின்ன டப்பாவுல எடுத்து வச்சுக்கிட்டுப் பெரிய ஜாடிய மாசம் ஒருக்கா தொறங்க. அடுப்புப் பக்கம் வைக்காத, சன்னல் பக்கம் வைக்காத" என்பாள். "வெள்ளையா பூத்திருக்கேக்கா" என்று யாராவது பதறினால், "தேச்சுப் பாருடி. நறநறன்னா அது சக்கரை, பஞ்சாட்டம் ஒட்டுனா பூசணம். மூடிக்கு உள்ள முத்து முத்தா வேத்திருந்தா மோந்து பாரு. கள்ளு வாசம் அடிச்சா அப்புறம் பொறுக்கி எடுக்குற வேலையே வேணாம், ஒண்ணுல வந்தது எல்லாத்துலயும் வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொட்டிரு. ஒங்கப்பனா இருந்தாலும் கொட்டிரு" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

சிரிப்பு நின்றது இன்னாசிமுத்து மாமாவால். எங்கள் ஊரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியும் பூவும் கொண்டுபோவது எப்போதும் உள்ளதுதான், இந்த அதிசயம் வந்த பிறகு ஜாடியையும் கொண்டுபோய்க் கல்லறைமேல் வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் மூடியைத் திறந்துவைப்பது என்று தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது, அவர்கள் கைபட்டது அவர்களுக்கும் மணக்கட்டுமே என்று. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் பக்கம் மழை இல்லாமல் இருந்ததே இல்லை. குடை பிடித்துக்கொண்டுதான் திறந்தோம், யாருக்கும் உறைக்கவில்லை. அந்த நவம்பர் முடியும்போது ஒருநாள் காலை பத்து மணிக்கு இன்னாசி மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு டீக்கடையைத் தாண்டிப் போனார், எங்கே மாமா என்றதற்கு, "ஒங்கத்தை வரச் சொல்லியிருக்கா" என்றார், முகம் மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்ததாம். மத்தியானம் வாய்க்கால் மதகில் அவரைப் பிணமாக எடுத்தார்கள். செத்துப்போன அத்தை காயப்போட்ட ஜாடியைத் திறந்து பார்த்தால் அடியில் பழுப்பாக நீர் நின்றது, வீடெல்லாம் கள்ளு வாசம்.

கெட்ட பழத்தில் பேசுவது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் அவர்களுடையது.

அதோடு நவம்பர் மாசம் ஜாடி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று கோயிலிலேயே அறிவித்தார்கள். கெட்டதைக் கொட்டக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக் குழி வெட்டினார்கள், ஏனென்றால் முதலில் தெரியாமல் ஆட்டுக்குப் போட்டதில் ஆடுகள் மூன்று நாள் தழை தின்னாமல் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தே நின்றன.

அதற்கு மறுவருஷம் ஆவணியில் என் இளைய மகன் ரெமிஜியுஸ் செத்துப்போனான். ரெமி, ரெமி என்பேன். இருபத்தொன்பது வயசு, கல்யாணமாகிப் பதினாலு மாசம். தோட்டத்தில் மோட்டார் போடப் போனவன் மேல் கரண்ட் பாய்ந்தது, பந்தல் கம்பியெல்லாம் மழையில் நனைந்திருந்தது. மூத்த மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், பெரியவன் பெங்களூரில், இரண்டு பேரும் வந்து பதினைந்து நாள் இருந்து, எங்களோடு வந்துவிடு அம்மா என்று அழைத்தார்கள். நான் போகவில்லை. ரெமி அந்தக் கோடையில் காயப்போட்டதில் ஒரே ஒரு ஜாடி மிச்சம் இருந்தது. அவன் வீட்டுக்காரி ஜெசிந்தாவும் போகவில்லை. திண்டுக்கல்லிலிருந்து அவள் அண்ணன் கார் கொண்டுவந்து கூப்பிட்டதற்கு, "ஜாடி இங்க இருக்குண்ணே" என்றாள், அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒரே ஒரு பழம் சாப்பிடுவாள், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து. "இன்னைக்கு என்ன சொன்னான்?" என்று நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். "சட்டைல பட்டன் தைக்கச் சொல்லி ரெண்டு நாளாச்சாம், ஊர்ச் சட்டையெல்லாம் தைக்கிற, ஏஞ்சட்ட கண்ணுக்குத் தெரியலையாங்குறாரு" என்று சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள். உயிரோடு இருந்தபோதும் அவளை அவன் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, "ஏய்", "இந்தா" இதுதான். பாசம் இல்லாதவன் இல்லை, வாயில் வராது, அவன் அப்பாவும் அப்படித்தான். "நீங்களும் ஒண்ணு போடுங்களேன் அத்தை" என்பாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது தாயி என்று சொல்லிவிடுவேன். சர்க்கரை இருந்தது உண்மை. ஆனால் ஒருதரம்கூட நான் சாப்பிடாததற்கு அது காரணம் இல்லை. அவன் என்ன சொல்வானோ என்று பயமாக இருந்தது.

சாப்பிடத் தைரியம் இல்லாதவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். போன வருஷம் கல்லறைத் திருநாள் அன்று, அறிவிப்பெல்லாம் தெரிந்தே, ஜெசிந்தா கோயிலில் இருந்த நேரம் பார்த்து அந்த ஜாடியைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். நாம்தான் அவன் குரலைக் கேட்கவில்லை, அவன் கைமணத்தையாவது அவனுக்குக் காட்டுவோம் என்றுதான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தேன், ஒரு பரலோக மந்திரம்தான் சொன்னேன், "எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது, மறுபடி முதலிலிருந்து சொன்னேன், மறுபடியும் அங்கேயே நின்றது, மூன்றாவது தரம்தான் முடித்தேன். குடை சரிந்ததை அப்புறம்தான் பார்த்தேன். முந்தானையால் துடைத்து மூடினேன். முந்தானையே ஈரம். வீட்டுக்கு வந்து இருந்த இடத்திலேயே வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக் காலம் தொடங்கிய வாரம் ஜெசிந்தா புதன்கிழமையும் ஒன்று சாப்பிட்டாள். அடுத்த வாரம் தினம் சாப்பிட்டாள். என்ன சொன்னான் என்று கேட்டால், "சும்மாதான் அத்தை" என்றாள், முன்பெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறவள். சோறு குறைந்தது. மிஷினில் துணி பாதியில் கிடந்தது. தலைக்குப் பூ வைத்தாள், அதற்காக நான் சந்தோஷப்பட்டேன், சின்னப் பிள்ளைதானே, வைக்கட்டும் என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். பீரோவிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள், அதையும் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "அத்தை, மதகுப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னாசி மாமா முகத்தைப் பற்றி ஊரில் என்ன சொன்னார்களோ அதே முகம். களைந்த அரிசி கையோடு நான் போய் வாசல் கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றேன்.

"என்னத்தை இது, வழியை விடுங்க."

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"ஜாடிய எடுத்துட்டு வா தாயி. எடுத்துட்டு வந்து ஏங்கண்ணு முன்னால வச்சுட்டு அப்புறம் போ."

அவள் அசையவில்லை. நானே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எடுத்தேன். மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. திறந்ததும் அந்த வாசம் வந்தது. மேலே நாலைந்து பழம் காய்ந்த மாதிரிதான் இருந்தது, அதற்குக் கீழே பளபளவென்று ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுபோல் சாம்பல் பூத்திருந்தது.

"இதையா தாயி தின்ன?"

"மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு."

"அவன் என்ன சொல்றான், மறைக்காம சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, புதுப்பெண் மாதிரி, "கண்ணுங்குறாரு" என்றாள். "ஏங்கண்ணு, தங்கம், ஒன்னைய விட்டுட்டு வந்துட்டேனேன்னு அழுறாரு. பூ வாங்கி வச்சிருக்கேன், மதகுகிட்ட நிக்கிறேன், வந்துருங்குறாரு."

"ஏம்மா, எம்பிள்ள என்னைக்கு ஒன்னையக் கண்ணுன்னு கூப்பிட்டான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உயிரோட இருக்கையிலதான் கூப்பிடல" என்றாள். "செத்த பெறகாச்சும் கூப்பிடக்கூடாதா?"

ஆண்டவரே, யாரிடமாவது அதற்குப் பதில் இருக்குமா? நான் சொன்னால் நம்பமாட்டாள், பிலோமி அக்கா வந்து கத்தினாலும் நம்பமாட்டாள், இன்றைக்குக் கதவைச் சாத்தினால் நாளைக்குச் சன்னல் வழியாகப் போவாள். அதனால் சிலுவை போட்டுக்கொண்டு, ஜாடிக்குள் கையைவிட்டு, பூசணம் பூத்ததில் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டேன்.

ஒன்றேகால் வருஷத்துக்கு அப்புறம் என் பிள்ளையின் குரல். எட்டு வயசில் காய்ச்சலில் கிடந்தபோது பேசுவானே, அந்தக் குழைவில், "அம்மா" என்றான். "நீ சொல்லி நான் போகலம்மா. நானாத்தான் போனேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. அழாதம்மா. வா, ஏம்பக்கத்துல வந்து உக்காரு, வா."

உலகத்தில் எந்தத் தாயும் அதைவிட இனிப்பானதைக் கேட்டிருக்கமாட்டாள். அது என் நெஞ்சு வரைக்கும் இறங்கியது. இறங்கின பிறகுதான் நாக்கில் புளிப்புத் தெரிந்தது.

"என்ன சொன்னாரு?" ஜெசிந்தா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அத்தை, என்ன சொன்னாரு?"

"பொய் சொன்னான்" என்றேன். "எம்மேல தப்பே இல்லைன்னு சொல்றான். எம்பிள்ள அன்னைக்குத் தட்டு முன்னால உக்காந்துட்டான் தாயி. சோறு போட்டுக் கொழம்பு ஊத்திட்டேன். த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துல சத்தம் கேட்டுச்சு. ‘தின்னுட்டுப் போறேம்மா’ன்னான். ‘மோட்டாரப் போட்டுட்டு வந்து தின்னுடா, கரண்டு போயிரும்’னு நாந்தான் கையைப் பிடிச்சு எழுப்பிவிட்டேன். அவனுக்கு அது தெரியும். அவனா இருந்தா, ‘ஏம்மா எழுப்பிவிட்ட’ன்னுதான் கேப்பான். இது எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுது. ஒனக்கு என்ன வேணும்னும் அதுக்குத் தெரியும்."

அவள் கை என் தோளிலிருந்து விழுந்தது. மிச்சத்தையும் சொன்னேன், நவம்பரில் திறந்தது நான்தான் என்று. அதைச் சொல்வதுதான் மற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நீங்களா?" என்றாள். "ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணுன்னு எண்ணி எண்ணி வச்சிருந்தேனே. கை ஈரம் படக்கூடாதுன்னு துடைச்சுத் துடைச்சு எடுத்தேனே. நீங்களா அத்தை?"

"நாந்தான் தாயி."

கல்யாணச் சேலையோடு தரையில் உட்கார்ந்து ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், தொடவில்லை, தொடுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கோயிலில் பன்னிரண்டு மணிக்கு மணியடித்து ஓய்ந்தது. அப்புறம் மேலே இருந்த நாலு காய்ந்த பழத்தை விரலால் தள்ளி, "இது நல்லாத்தானே இருக்கு? இது மட்டும்?" என்றாள். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அவன் திட்டினால் பரவாயில்லை, அவன் குரலாகவே ஒருதரம் திட்டிவிடட்டும் என்று. அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்தாள், ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் அதை ஜாடிக்குள்ளேயே போட்டு மூடி, எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சுண்ணாம்புக் குழியில் கொட்டும்போது பிலோமி அக்கா மண்வெட்டியோடு வந்தாள். கல்யாணச் சேலையைப் பார்த்தாள். "தள்ளி நில்லுடி, சேலையில சுண்ணாம்பு பட்டாப் போகாது" என்று மட்டும் சொல்லி, தானே மண்ணை இழுத்து மூடினாள். அவளுக்குப் பேச்சு குறைந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

தை மாசம் அண்ணன் கார் வந்தது. ஜெசிந்தா மிஷினைப் பின்சீட்டில் ஏற்றி, கோணாமல் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, என் பக்கம் வந்து நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க அத்தை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் பண்ணுகிறாள், தையல் கடை போட்டு இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாளாம். தினமும் செபமாலையில் முதல் பத்து மணிகளை உருட்டுவது அவளுக்காகத்தான்.

நல்ல பழத்தின் குரல் இனிப்பு கரைந்ததும் நின்றுவிடும் என்று சொன்னேன் அல்லவா, கெட்டது அப்படி நிற்பதில்லை, அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, சொல்ல ஒருவரும் மிஞ்சியிருந்ததில்லை. தினமும் காலை பத்துமணி வாக்கில், வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்கிற நேரத்தில், பல்லுக்குப் பின்னால் அவன் வருகிறான். அம்மா வா என்கிறான். ஜெசிந்தாவுக்கும் இப்படிக் கேட்கிறதா என்று போனில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது என் பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் குரல் அவனுடையது, அந்தக் குரல் அம்மா என்று கூப்பிட்டால் ஒருநாளும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தெருவில் விளையாடுகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்:

"வர்றேன்யா, வர்றேன். இப்ப இல்ல, ஒல கொதிக்குது. நீ உக்காந்து மொதல்ல சாப்பிடு."